வீட்டார் சமைத்தது

வெள்ளை வேன் தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கியதுமே அபூ நாயிஃபுக்குத் தூசி தெரிந்துவிடும். உடனே எழுந்து பக்கவாசலுக்கு ஓடுவார். அங்கே கிடக்கும் பெண்கள் செருப்பைக் காலாலேயே உள்ளே தள்ளுவார். கொடியில் காயும் கறுப்பு அங்கியை உருவிச் சுருட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போடுவார். சமையலறைக்கும் விருந்துக்கூடத்துக்கும் நடுவே இருக்கும் கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அறுபது வயதில் இவ்வளவும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, காலையிலிருந்து அங்கேயே நிற்பவர்போல வாசலில் நின்று, "வாங்க, வாங்க! இது உங்க வீடு" என்பார்.

வருகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். சவூதியின் ஹாயில் நகரத்துக்குப் பக்கத்துப் பாறைகளில் யாரோ எந்தக் காலத்திலோ கீறிவைத்த ஒட்டகங்களையும் மான்களையும் பார்த்துவிட்டு, குளிர்கால வியாழக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு இவர் வீட்டுக்கு வருகிறார்கள். எண்ணெய் பொங்கிக்கொண்டிருந்தவரை யார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்றிருந்த நாடு, இப்போது விருந்தாளியைக் கூவிக் கூவி அழைக்கிறது. இருபத்தெட்டு வருடம் அரசாங்கத் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அபூ நாயிஃபுக்கு அந்தக் கூவல் தன்னையே கூப்பிட்டதுபோலக் கேட்டது. சுற்றுலாக் கம்பெனியில் பெயரைக் கொடுத்துவிட்டார்.

பக்கத்துத் தோட்டக்காரர் ஃபுஹைத் சும்மா இருப்பாரா? பள்ளிவாசலை விட்டு வெளியே வந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"இங்க என்னத்தப் பார்க்க வர்றானுங்க? மணலு. அது முடிஞ்சா இன்னும் கொஞ்சம் மணலு."

"எண்ணெய்க் கிணத்தையா பார்க்க வருவான்? மனுசனப் பார்க்க வர்றான்யா."

"அப்ப கடையில நல்ல மூஞ்சியா ஒண்ணு வாங்கி மாட்டிக்க."

அபூ நாயிஃப் சிரிப்பார். மனிதனைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பதை மனதார நம்புகிறவர் அவர்.

காப்பி ஊற்றுவதில் அவர் ராஜா. இடது கையில் கூஜா, வலது கையில் சின்னக் கோப்பைகள். முதல் கோப்பையைத் தானே குடித்து, காப்பி சரியாக இருக்கிறதென்று காட்டிவிட்டு அப்புறம்தான் வலப்பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். போதுமென்றால் கோப்பையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டித் திருப்பித் தரவேண்டும். ஆட்டாமல் நீட்டினால் இன்னும் ஊற்று என்று அர்த்தம். வெளிநாட்டுக்காரர்களுக்கு இது எங்கே தெரியும்? மரியாதைக்காகக் குடித்துக் குடித்து நீட்டுவார்கள். இவரும் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒருமுறை ஒரு கொரியர் பதினோரு கோப்பை குடித்துவிட்டுக் கண் பிதுங்கி உட்கார்ந்திருந்தார். அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வயிறு குலுங்கச் சிரிப்பார் அபூ நாயிஃப்.

சமைப்பது அவர் மனைவி. மெல்லிய மாவுத் துண்டுகளைக் கறிக்குழம்பிலேயே வேகவைக்கும் மர்கூக் செய்வதில் அந்த அம்மாளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கதவுக்கு அந்தப் பக்கம் சமைத்து, தட்டை வைத்துவிட்டு, கரண்டியால் கதவில் இரண்டு தட்டு தட்டுவாள். வந்து எடுத்துக்கொள் என்று பொருள். விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டு யார் சமைத்தது என்று கேட்டால் அபூ நாயிஃபுக்கு ஒரே பதில்தான். "வீட்டார்."

அந்த அம்மாளின் பெயரா? வீட்டுப் பெண்களின் பெயரை வெளியே சொல்லாத ஊர் வழக்கத்தை மீறுவானேன், இங்கேயும் அது இப்போதைக்கு வேண்டாம். மகன் பெயரை வைத்து 'உம்மு நாயிஃப்', நாயிஃபின் தாய் என்பார்கள். அவர்களுடைய கல்யாணப் பத்திரிகையில் 'இன்னாரின் மகள்' என்றுதான் இருந்தது. அபூ நாயிஃபின் போனில் அவள் எண் 'வீடு' என்று பதிந்திருக்கிறது. நாலாம் வகுப்பில் ஒருவன் எப்படியோ இவருடைய தாயின் பெயரைத் தெரிந்துகொண்டு பள்ளிக்கூட வாசலில் உரக்கக் கத்திவிட்டான். இவர் அவன் முன்பல்லைப் பெயர்த்தார். வாத்தியார் அடித்தார், வீட்டில் தட்டிக்கொடுத்தார்கள். அப்படி வளர்ந்த நாக்கு அது.

அந்த நாக்குதான் போன ஜனவரியில் அவரைக் கவிழ்த்தது.

வந்திருந்தவர்களில் மிலேனா என்று ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி, ஸ்லோவேனியாக்காரி. மர்கூக்கை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். யார் சமைத்தது என்று கேட்டாள். கூட்டிவந்த வழிகாட்டி ருதைனா, ரியாத்துப் பெண், மொழிபெயர்த்தாள். "வீட்டார்" என்றார் இவர். மிலேனா விடவில்லை.

"வீட்டுல யாருன்னு கேக்கறாங்க பெரியப்பா. உள்ள போய்க் கட்டிப்பிடிச்சு நன்றி சொல்லணுமாம். பேரென்ன, சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கலாமான்னும் கேக்கறாங்க."

எட்டு ஜோடிக் கண்கள் அவர் வாயையே பார்த்தன. அபூ நாயிஃபுக்குக் கூச்சம் வந்தால் தலைத்துணியின் நுனியை இழுத்து வாயை மூடிக்கொள்வார். அன்றும் மூடிக்கொண்டார். மனைவி என்று சொன்னால் பெயர் கேட்பார்கள். பெயர் சொன்னால் படம் கேட்பார்கள். படம் உலகமெல்லாம் சுற்றும். இவ்வளவும் மின்னல் வேகத்தில் ஓட, துணிக்குள்ளிருந்து சொல்லிவிட்டார்.

"வேலைக்காரி. இந்தோனேசியா."

கதவுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உரசும் சத்தம் சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு ஹினைனி என்ற பேரீச்சம்பழ இனிப்பு வரவேண்டும். கரண்டி தட்டவே இல்லை. இவரே போய் எடுத்துவந்தார். மிலேனாவின் முகமும் மாறிப்போயிருந்தது. அந்தப் பெண் ஏன் வெளியே வருவதில்லை, சாப்பிட்டாளா, வாரத்தில் ஒருநாளாவது விடுமுறை உண்டா என்று கேட்டாள். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கிளம்பும்போது அவள் அந்தக் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

வேன் போனதும் அந்த அம்மாள் தட்டுகளை அடுக்க வந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"கஃபீல், என் இகாமா எங்க?"

கஃபீல் என்றால் வெளிநாட்டு வேலையாளைத் தருவித்த முதலாளி. இகாமா அந்த வேலையாளின் வசிப்பு அட்டை. அபூ நாயிஃப் முதலில் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"அட, அந்தப் பொம்பள பிடுங்கி எடுத்துட்டா. வாய்ல வந்ததச் சொன்னேன்."

"சரிங்க கஃபீல். ரெண்டு வருசத்துக்கொரு தடவ ஊருக்கு அனுப்பணும், தெரியும்ல? முப்பத்தாறு வருசமாச்சு. ஜகார்த்தாவுக்கு டிக்கெட் எப்ப?"

சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் போடவில்லை. ரொட்டி வந்தது, தேநீர் வந்தது, துவைத்த அங்கி மடித்து வந்தது. எல்லாவற்றோடும் அந்தக் 'கஃபீல்' என்ற சொல்லும் வந்தது. ஹாயிலுக்குப் போய் நல்ல அத்தராகப் பார்த்து வாங்கிவந்து கொடுத்தார். மூடியைத் திறந்து மோந்துவிட்டு, "இது சம்பளமா, இனாமா கஃபீல்?" என்று கேட்டாள். அத்தர் அலமாரியில் அப்படியே நிற்கிறது. முப்பத்தாறு வருடத்தில் அவள் இவரை 'அபூ நாயிஃப்' என்று கூப்பிடாத நாளில்லை. அந்தக் குரல் இல்லாத வீட்டில் இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பத்து நாள் கழித்துத் தமாமிலிருந்து நாயிஃப் போன் செய்தான்.

"அப்பா, நம்ம வீட்டப் பத்தி ஒருத்தி எழுதியிருக்கா. படிக்கறேன், கேளுங்க. 'அருமையான சாப்பாடு. ஆனால் சமைத்த இந்தோனேசியப் பெண்ணைக் கதவுக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் தொண்டையில் இறங்கவில்லை.' யாருப்பா அது? நம்ம வீட்டுல ஏது இந்தோனேசியாக்காரி?"

போனின் ஒலிபெருக்கி போட்டிருந்தது. அந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகன் போனை வைத்தபிறகு, கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த ஊர்ப் பொண்ணுங்களுக்காவது பாஸ்போர்ட்ல பேருன்னு ஒண்ணு எழுதியிருக்கும். எனக்கு நீங்க அதையும் விட்டுவைக்கல."

அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஊர் சிரித்தால் வருவதல்ல அது. எந்த மானத்தை மூடி வைக்கிறோம் என்று இத்தனை வருடம் செருப்பைத் தள்ளினாரோ, அதைத் தன் வாயாலேயே வாசலில் கொட்டிவிட்டார். நாலாம் வகுப்பில் பல் இழந்தவன்கூடப் பெயரைத்தான் சொன்னான். இவர் இல்லவே இல்லை என்றல்லவா சொன்னார்!

மறுநாள் ருதைனா கூப்பிட்டாள். "பெரியப்பா, தப்பா நினைக்காதீங்க. கம்பெனில கேக்கறாங்க. உங்க வேலைக்காரியோட இகாமா நகல் வேணுமாம். இல்லேன்னா இனி ஆள் அனுப்ப மாட்டாங்களாம்."

"வியாழக்கிழமை நேர்ல வா மகளே. சொல்றேன்."

எப்போதும் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் அந்தப் பெண்ணிடம் பேசுவார். போனில்கூட அன்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் வியாழக்கிழமைக்குச் சமைப்பாயா என்று கேட்கவும் வாய் வரவில்லை. கேட்காமலே அவள் மாவு பிசைந்தாள். "வேலைன்னு வந்துட்டா செஞ்சுதானே ஆகணும் கஃபீல்" என்றாள்.

வியாழக்கிழமை தூசி தெரிந்தது. அபூ நாயிஃப் எழுந்தார். பக்கவாசல்வரை போனார். செருப்பு கிடந்தது. குனிந்து பார்த்தார், அப்படியே விட்டுவிட்டு வந்தார். கொடியில் கறுப்பு அங்கி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வேனிலிருந்து ஆறு பேரும் ருதைனாவும் இறங்கினார்கள்.

கரண்டி இரண்டு தட்டுத் தட்டியது. மர்கூக் வந்தது. ஆறு பேரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அபூ நாயிஃபின் கை தானாகத் துணி நுனிக்குப் போய் வாயை மூடியது. பிறகு அதை விலக்கி, நுனியைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டார்.

"மகளே, நான் சொல்றத இவங்ககிட்ட அப்படியே சொல்லு. போன தடவ வந்தவங்ககிட்ட நான் பொய் சொன்னேன். இந்த வீட்டுல வேலைக்காரி கிடையாது. அட்டையும் கிடையாது. முப்பத்தாறு வருசமா சமைக்கிறது என் சம்சாரம்." மூச்சு வாங்கியது. பிறகு மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில், விருந்தாளிகளை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்துச் சொன்னார். "அவ பேரு வள்ஹா."

ருதைனா மொழிபெயர்க்க மறந்து தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா வயதுக்காரர் ஒருவர் முகம் சிவக்க, உதடு துடிக்க நிற்பதை அந்தப் பெண்ணால் பார்க்க முடியவில்லை. ஆறு பேரும் என்னவோ ஏதோவென்று விழித்தார்கள்.

அபூ நாயிஃப் கூஜாவை எடுத்தார். தான் குடிக்கவேண்டிய முதல் கோப்பையை ஊற்றினார். குடிக்கவில்லை. வலப்பக்க விருந்தாளி கையை நீட்டினார், அவருக்கும் கொடுக்கவில்லை. கோப்பையோடு கதவண்டை போய், விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்றவர்களைப்போலத் தலை குனிந்து நின்றார்.

பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. மருதாணி மங்கிய விரல்கள் கோப்பையை வாங்கிக்கொண்டன. உள்ளே உறிஞ்சும் சத்தம் கேட்டது. கோப்பை திரும்பி வந்தது. ஆட்டவில்லை, நீட்டியபடியே நின்றது.

அபூ நாயிஃப் இரண்டு கையாலும் கூஜாவைப் பிடித்து, சிந்தச் சிந்த ஊற்றினார்.