படகில் படுத்துக் காட்டியவர்

வளைகுடாவில் வேலை பார்த்தபோது, முசஃபாவில் பழைய படகு வாங்க நானும் குமாரும் போனோம். எங்கள் ரூமிலேயே உயரமான செல்வம் டூட்டியில் மாட்டிக்கொண்டு வரவில்லை.

விற்ற கீழக்கரைக்காரருக்குத் தாடி முழுக்க மருதாணிச் சிவப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு படகிலும் ஏறி, மல்லாந்து படுத்துக் காட்டினார்.

"கட்டிலா விக்கிறீங்க, பாய்?" என்றான் குமார்.

"மீன் பிடிக்க உக்காந்துதான் போவீங்க தம்பி. வெயில்ல ஒருத்தன் சாஞ்சா, படுக்கவச்சுத்தானே கொண்டுவரணும்? நீளமானதை எடுங்க."

சிரித்துக்கொண்டே குட்டையானதை எடுத்தோம்.

ஜூலை வெயிலில், நடுக்கடலில் செல்வம் மயங்கிவிட்டான். அவனைப் படுக்கவைக்க இடமில்லை. குமார் தாங்கிப் பிடித்திருக்க, நான் ஒருவனே துடுப்புப் போட்டேன். கரை சேர்வதற்குள் அவன் மூச்சு நின்றுவிட்டது.

படகு விற்றவர் முன்பு யாரை அப்படிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தாரோ, கேட்காமலே விட்டோம். நீளமான படகுக்கு அவர் கூடுதலாகக் கேட்டது இருநூறு திர்ஹம்.