எங்கள் கிணற்றில் மண்ணெண்ணெய்

கடந்த செவ்வாய்க்கிழமை உரும்பிராயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளிக் குண்டு விழுந்தது. கூரை ஓடுகள் பாதி கீழே. எங்களுக்கு ஒரு காயமும் இல்லை. ஆனால் யாராவது கதவைப் பலமாகச் சாத்தினால் என் கண் இன்னும் மேசைக்கு அடியைத்தான் தேடுகிறது...

வியாழன் காலை மகள் வாணி கிணற்றடியிலிருந்து கத்தினாள். "அம்மா, தண்ணி மணக்குது!"

வாளித் தண்ணீரின் மேல் வானவில் நிறங்கள். மண்ணெண்ணெய்! குடிக்க, சமைக்க எங்களுக்கு இருப்பது இந்த ஒரு கிணறு.

"குடிச்சிட்டியோ?"

"எனக்கு மூக்கு இருக்கு, அம்மா."

பக்கத்து வளவு அண்ணை வந்து எட்டிப் பார்த்தார். (பெயர் வேண்டாம். ஏனென்று உங்களுக்கே விளங்கும்.) முகமெல்லாம் சிரிப்பு.

"ரீச்சர், அடிச்சுது அதிர்ஷ்டம்! குண்டு விழேக்கை நிலம் ஆடினதெல்லோ? பாறை வெடிச்சு எண்ணெய் மேலை வந்திட்டுது. மண்ணெண்ணெய் எண்டால் மண்ணிலை ஊறுற எண்ணெய்தானே!"

மண்ணெண்ணெய்க்குத் தடை; ஊரே வெறும் போத்தலோடு அலையும் காலம். நம்ப யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் நான் புவியியல் படிப்பிக்கிறவள்.

"குண்டுச் சூட்டிலை எண்ணெய் ஊறாது, அண்ணை."

கடலடிச் சேற்றில் புதைந்த சிற்றுயிர்கள் எண்ணெயாக வேண்டுமானால், அவற்றின் மேல் படை படையாக மண் படிந்து, வெகு ஆழத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகள் அளவான சூட்டில் கிடக்க வேண்டும். சூடு மிஞ்சினால் எல்லாம் வாயுவாகிவிடும். நிலம் நெருக்குண்டு வில்லாக வளைந்தால் எண்ணெய் அந்த வளைவுக்குள் தேங்கும். வளைவு பிளந்தால் ஒழுகிப் போகும். எங்கள் சுண்ணாம்புக்கல்லோ விரித்த பாய்போலக் கிடக்கிறது — அவ்வளவு ஆழமும் காணவில்லை, சூடும் காணவில்லை.

"அப்ப உது என்ன, பன்னீரோ?"

நியாயமான கேள்வி.

"நிலத்துக்குள்ளை இருந்து வாறது கறுப்பாய்த் தடிப்பாய் இருக்கும். உது ஆலையிலை காய்ச்சி வடிச்சது. ஆரோ மண்ணுக்குள்ளை ஒளிச்சுத் தாட்டு வைச்சது அந்த அதிர்ச்சியிலை உடைஞ்சிருக்கு. எங்கடை கல் முழுக்க வெடிப்புத்தானே... ஒரு வளவிலை ஊத்தினால் மற்ற வளவுக் கிணத்திலை வரும்."

சிரிப்பு மறைந்தது. "ஐயோ, என்ரை பரல்!"

ஒரு செருப்பை எங்கள் முற்றத்திலேயே விட்டுவிட்டு ஓடினார்.

"எண்ணெய்க் கிணத்து முதலாளி ஓடுறார்!" என்றாள் வாணி.

வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவென்று வேலியோரம் தாட்டிருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாய். அடி பிளந்து பாதி போய்விட்டது. மத்தியானம் தண்ணீர் இறைக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"உங்கடை கிணத்தை இறைச்சுத் தாறன், ரீச்சர். பிள்ளை குடிக்கிற தண்ணி."

மெஷின் எதில் ஓடும்? மிஞ்சிய மண்ணெண்ணெயில்தான். கிணற்றிலிருந்து மண்ணெண்ணெயை எடுக்க, பரலில் இருந்ததும் தீர்ந்தது. வெங்காயத்துக்கு இனிக் கையால் இறைக்கும் துலாதான்.

ஊற ஊற இறைத்தோம். இன்று காலை தண்ணீர் மணக்கவில்லை. இருந்தும் வாணிக்கு முன் நான்தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

அண்ணை சொன்னதிலும் பிழையில்லை — எங்கள் ஊரில் இப்போது மண்ணெண்ணெய் மண்ணுக்குள் இருந்துதான் வருகிறது!