மைதா பசையும் டி செல்லும்

பேராசிரியர் காந்திமதிநாதன் மைதா பசையை ஆள்காட்டி விரலில் வழித்து, பாடக்குறிப்பு நோட்டின் ஒரு பக்கத்தில் நாலு ஓரமும் தடவி, மேலே வெள்ளைத்தாளை ஒட்டுகிறார். பாடப்புத்தகம் எதையாவது கைவிட்டால் அவரும் கைவிடுகிற முறை இது. பசையை வீட்டில் காய்ச்சி ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவருவார். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில் எனக்கு அவருடைய பக்கத்து மேசை. பதினாறு வருஷமாக அந்தப் புளித்த வாடையைச் சகித்துவருகிறேன்.

எண்பத்திரண்டில் அவருக்கு 'அடக்கும் டி செல்' என்றால் உயிர். உடம்பைக் காக்கிற வெள்ளையணுக்கள் வெறிபிடித்து உடம்பையே தாக்காமல் தடுப்பது அதுதான் என்று கரும்பலகை நிறைய எழுதுவார். பரீட்சையில் அதை எழுதாதவர்கள் ஃபெயில். பிறகு அந்தச் செல்லைத் தனியே பிரித்துக் காட்ட முடியாமல் ஆய்வாளர்கள் கைகழுவினார்கள். தொண்ணூறில் வந்த புதுப் பதிப்பில் அத்தியாயத்தைக் காணோம். மறுநாளே பசை வந்தது. "அப்படி ஒரு செல்லு கிடையவே கிடையாதுவே" என்றார், தானே தேடிப் பார்த்தவர் மாதிரி. அதன்பின் எழுதியவர்கள் ஃபெயில். மைக்ராஸ்கோப்பை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

போன வாரம் எம்.எஸ்ஸி. மாணவி டார்லின் இரண்டு தாள்களோடு வந்தாள். ஒன்று, ஆராய்ச்சிப் படிப்புக்குத் துறைத்தலைவரான இவர் கையெழுத்திட வேண்டிய பரிந்துரைக் கடிதம். மறுநாள் கடைசி நாள். மற்றது, ஜப்பான்காரர்கள் எழுதிய கட்டுரையின் ஜெராக்ஸ். ஒருவகை டி செல்லை மட்டும் நீக்கிவிட்டால் எலியின் உடம்பு தன் உறுப்புகளையே தாக்குகிறதாம்.

"எங்கம்மாவுக்கு லூபஸ் சார். அவங்க உடம்பே அவங்க மூட்டையும் கிட்னியையும் அடிக்குது. அதைத் தடுக்க ஒண்ணு இருக்கணும்லா? அதைத்தான் படிக்கப் போறேன்."

"எலி சொல்லுதுன்னு நான் கையெழுத்துப் போடணுமாக்கும்? புஸ்தகத்துல வரட்டும்மா, பாப்போம்."

"நாளைக்குக் காலையில வாரேன் சார்" என்று கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் பீரோவிலிருந்து பழைய நோட்டை எடுத்தார். ஒட்டிய தாளை நகத்தால் பைய நெம்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அடியிலிருந்த தன் பழைய எழுத்தை உதடு அசைய முழுப்பக்கமும் படித்தார். பிறகு பாட்டிலைத் திறந்து, தாளை முன்போலவே ஒட்டினார். ஈரப்பசை எதிர்ப்பக்கத்தில் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, நடுவே, கையெழுத்துப் போடாமலே, டார்லினின் கடிதத்தை வைத்து நோட்டை மூடினார்.