வெள்ளைத் தாளில் ஒரு குரு வணக்கம்

அமெரிக்காவின் ஃப்ரீமான்ட்டில் கறிவேப்பிலை வாங்கக் கிளம்பிய நாங்கள் ஒரு சீனக் கடைக்குள் நிற்கிறோம். தூரிகையால் எழுதிய பழைய சீனக் கவிதைகள் சுவர் முழுக்கப் புடவைபோலத் தொங்குகின்றன. என் தங்கை வித்யாவின் மகளுக்குக் கணக்கு டீச்சர் ஒரு சீனப் பெண்மணி. பள்ளி முடிகிற வாரம் என்பதால் அவருக்குப் பரிசு கொடுத்தாக வேண்டும்.

"எல்லாரும் கிஃப்ட் கார்டுதான் குடுப்பாங்க. நாம அவங்க பாஷையிலயே கவிதை குடுத்தா இம்ப்ரெஸ் ஆயிடுவாங்கல்ல?" என்கிறாள் வித்யா. எங்கள் இருவருக்கும் அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதிய ஒன்றை எடுத்து, "இது டீச்சருக்கான கவிதைதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். கடைக்கார அம்மாள் தலையசைக்கிறார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, தணிந்த குரலில் கேட்கிறார்:

"எப்போது இறந்தார்?"

"ஐயையோ, நன்றாக இருக்கிறார்!"

"இது ஆசிரியரின் கல்லறை முன்னால் நின்று மாணவன் பாடுவது. உயிரோடு இருப்பவருக்குச் சிவப்புத் தாள்தான் கொடுக்க வேண்டும்."

சிவப்பை எடுத்துச் சுருட்டிக்கொண்டே, "மகள் நன்றாகப் படிக்கிறாளா?" என்று விசாரிக்கிறார்.

வித்யாவின் முகம் வாடுகிறது. "கணக்கில் ஏ கொடுக்காமல் டீச்சர் பி பிளஸ் போட்டுவிட்டார்."

அந்த அம்மாளின் கை அப்படியே நிற்கிறது. வித்யாவை ஒருமுறை பார்க்கிறார். சிவப்பை மெதுவாக ஓரம் வைத்துவிட்டு, வெள்ளையை எடுத்து நீட்டுகிறார்.

"அப்படியென்றால் இதையே கொடுங்கள்."