கண்ணுச்சாமி பி.எஸ்சி.யும் ஏழாம் நம்பர் சீசாவும்

கண்ணுச்சாமி பி.எஸ்சி. பாஸ் பண்ணுவதற்கு முன்பே அவருடைய பட்டம் அச்சாகிவிட்டது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் வெடிமருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1961 சீசனுக்கு முதலாளி அய்யாதுரை புஸ்வாணப் பெட்டிக்கு லேபிள் அடிக்கக் கொடுத்தபோது, மயில் படத்துக்குக் கீழே 'பி.எஸ்சி. பட்டதாரி கண்ணுச்சாமி மேற்பார்வையில் தயாரானது' என்று சேர்த்துவிட்டார்.

"மொதலாளி, எனக்கு இன்னும் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் பாக்கி இருக்கே!"

"ஏலே, சீசன் ஒனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? லேபிள் அடிச்சாச்சு. போயி பாஸ் பண்ணிட்டு வாலே."

மற்றப் பாடமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. பிராக்டிகலில் மட்டும் மூன்று தடவை கோட்டை விட்டிருந்தார். காரணம் மூளை அல்ல, தீக்குச்சி. தேர்வறையில் பர்னரைப் பற்றவைத்ததும் அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே வெளியே போய்விடும். தீப்பெட்டி இல்லை என்று தினமும் சட்டைப் பையை உதறிக் காட்டிவிட்டு வேலைக்குள் நுழைகிற மனிதர். கம்பெனியில் மருந்து வெடித்துப் பக்கத்து அறையின் ஓடுகள் பிரிந்து பறந்த அன்று, உள்ளே இருந்த முனியசாமி வெளியே வராததைப் பார்த்தவர். பயம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பல்கலைக்கழகம் பயத்துக்கு மார்க் போடுவதில்லை.

இந்தத் தடவையும் தோற்றால், அவர் பெயரில் ஒரு பொய் லட்சம் பெட்டிகளில் ஏறி ஊர் ஊராகப் போகும். போதாததற்கு அவர் மனைவி செல்லத்தாய் ஒரு லேபிளைக் கத்தரித்து வீட்டுச் சுவரில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

விருதுநகரில் தேர்வு. கெஞ்சிக் கேட்டு வாசலோரத்து மேசையை வாங்கிக்கொண்டார். கிடைத்தது ஏழாம் நம்பர் சீசா. தண்ணீர் மாதிரி ஒரு திரவம், கூடவே ஒரு அட்டை: கார்பன் பத்து, ஹைட்ரஜன் பதினாறு. ஒளியை வலப்பக்கம் திருப்பும். ஹைட்ரஜனை முழுக்க ஏற்றிவிட்டால் திருப்பாது. இது என்ன?

மோந்து பார்த்தார். டர்பண்டைன்! அச்சகத்தில் மை துடைக்கிற அதே வாசனை. டர்பண்டைனில் பெரும்பங்கு பைனீன்தான் என்பதால் சந்தோஷமாகப் 'பைனீன்' என்று எழுதினார். கந்தகத்தில் ஊறிப்போன மூக்கை நம்பியது அவர் செய்த தப்பு.

புரோமினை அளந்து சொட்டவிட்டார். சிவப்பு மறைந்தது. ஒரு இரட்டைப் பிணைப்பு ஒரு பங்கு புரோமினை விழுங்கும்; பைனீனுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு பங்கோடு போதும் என்றிருக்க வேண்டும். சீசாக்காரனோ விட்டதையெல்லாம் விழுங்கிக்கொண்டே போய், இரண்டு பங்கு முடிந்த பிறகுதான் வாயை மூடினான். அப்படியானால் இரட்டைப் பிணைப்பு இரண்டு. பைனீனை அடித்தார். பதினாறு ஹைட்ரஜன் கணக்குக்கு மிச்சம் ஒரு வளையம்தான்; அதைக் காகிதத்தில் போட்டார்.

ஒரு கார்பனில் தொங்குகிற நாலு பேரும் நாலு விதமாக இருந்தால்தான் ஒளி திரும்பும். இரட்டைப் பிணைப்பில் ஒன்று வளையத்தின் ஒரு பக்கத்திலும் மற்றது வளையத்துக்கு வெளியே வாலிலும் இருந்தால், வால் ஒட்டிய கார்பனிலிருந்து வலமாகப் போவதும் இடமாகப் போவதும் ஒன்றல்ல. ஒரு பக்கம் மட்டும் சன்னதி உள்ள பிரகாரம் மாதிரி. ஹைட்ரஜன் ஏறியதும் சன்னதி போச்சு, இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும், ஒளியும் திரும்பாது. அட்டை சொல்வதும் அதுதான். லிமோனீன்! ஆரஞ்சுத் தோல் எண்ணெய்! மறுபடி மோந்தார். அப்போதே சொன்னதுபோல மூக்கு கூசாமல் 'கமலா ஆரஞ்சு' என்றது.

ஒரே ஒரு கட்டம் பாக்கி: 'எரித்துப் பார்த்ததை எழுதவும்.' அது இல்லாமல் மற்றது எதற்கும் மார்க் கிடையாது. கண்ணுச்சாமி வாசல் எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டார்.

தேர்வாளர் கனகசபாபதி வந்து எட்டிப் பார்த்தார். "என்னய்யா, மத்ததெல்லாம் சரியா இருக்கு. கொளுத்த வேண்டியதுதானே?"

"சார், நான் பட்டாசுக் கம்பெனி. எப்பிடி எரியுதுன்னு பாக்கிறதுக்காக எங்க பக்கம் யாரும் தீ வைக்க மாட்டாக."

சிரிக்கப்போன கனகசபாபதி, அவர் தீப்பெட்டியை மேசையின் மறுகோடிக்குத் தள்ளி வைப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "யார் கொளுத்தணும்னு இதுல போடலையே. நான் கொளுத்துறேன். நீங்க வராந்தாவுல நின்னு பாத்து எழுதுங்க."

கண்ணுச்சாமி மேசையிலிருந்த சீசாக்களையெல்லாம் அப்புறப்படுத்தினார். மணல் வாளியைக் கனகசபாபதியின் காலருகே நகர்த்தி வைத்தார். பிறகுதான் வெளியே போனார். பீங்கான் கிண்ணத்தில் நாலு சொட்டு எரிந்து அணைந்தது. அணைந்த பிறகும் ஐந்து நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டு, வந்து எழுதினார்.

சுடர்: மஞ்சள்.
புகை: கறுப்பு, மிகுதி.
வெடிச்சத்தம்: இல்லை.
ஆட்சேதம்: இல்லை.

கடைசி இரண்டையும் கனகசபாபதி கேள்வித்தாளில் தேடினார். அப்படிக் கேள்வியே இல்லை. பாஸ் மார்க்கைப் போட்டுவிட்டு, அந்த இரண்டு வரிக்கும் தனித்தனியாக டிக் அடித்தார்.