பாதியில் நின்ற கணக்கு

எங்கள் கல்லூரியில் புள்ளிவிபரவியல் படிப்பித்த மிஸ் ஒல்லியானவர். பருத்திச் சேலை, முழங்கையில் எப்போதும் ஒரு ஹெல்மெற். மணி அடித்தால், கணக்குப் பாதியில் நின்றாலும் மார்க்கரை மூடிவிட்டுப் போய்விடுவார். பக்கத்து வகுப்பில் பாடம் எடுக்கும் நான் மணிக்குப் பிறகும் கத்திக்கொண்டிருப்பேன். அந்த வருடம் கோயில் திருவிழாக்களும் மழையும் வகுப்புகளைத் தின்றுவிட்டன. பரீட்சையோ நெருங்கிவிட்டது.

"மிஸ், உப்பிடி அரைகுறையா விட்டால் பாடம் முடியுமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விடையையும் நானே சொல்ல வெளிக்கிட்டால் நேரம் காணுமே சேர்? அதைப் பிள்ளையள் பஸ்ஸிலை பாப்பினம்," என்று சிரித்தார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. சோம்பலுக்கு நல்ல சாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை என் மோட்டார் சைக்கிள் பழுதாகி, அச்சுவேலி பஸ்ஸில் ஏறினேன். உள்ளே எங்கள் மாணவர்கள் கம்பியைப் பிடித்தபடி அந்த மிஸ்ஸின் கணக்குக்காகச் சண்டைபிடித்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கு மூடிய யன்னலில் ஆவி படிந்திருந்தது. அதில் ஒருத்தி விரலால் கணக்கை எழுதினாள். இன்னொருவன் உள்ளங்கையால் அழித்துத் திருத்தினான். புத்தூர் தாண்டியும் விடவில்லை. பிழை எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

"சேர், சொல்லிப்போடாதேங்கோ!" என்று அவள் பதறினாள். "இன்னும் அச்சுவேலி வரேல்லை."

மிஸ் வேண்டுமென்றுதான் அப்படி நிறுத்தினாரா, இல்லை, நேரத்துக்கு வீடு போகும் அவசரமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது மணி அடித்ததும் நானும் மார்க்கரை மூடிவிடுகிறேன். மோட்டார் சைக்கிள் திருத்தி வந்துவிட்டது. ஆனாலும் பஸ்ஸில்தான் போகிறேன்.