நூற்றைம்பது பெட்டி குதிரைவாலி

என் மருமகள் மாரிசெல்வி அரிசிப் பெட்டிக்குள் பட்டாசை ஒளித்துக் கப்பலில் கடத்தப் பார்த்தாள், தூத்துக்குடியில் பிடித்துவிட்டார்கள் என்று பட்டாசு செய்கிற எங்கள் எம். புதுப்பட்டியில் ஒரு பேச்சு சுற்றுகிறது. பேசுகிறவர்கள் யாரும் அன்றைக்குத் தூத்துக்குடியில் இல்லை. நான் இருந்தேன். அதனால் நடந்ததை நான் சொல்கிறேன். சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

மாரிசெல்வி ஆனைக்குட்டத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு என் மகன் செல்வக்குமாருக்குக் கட்டி வைத்துக் கூட்டி வந்தோம். வந்த மறு மாதமே பட்டாசுக் கம்பெனிக்குச் சரவெடி பின்னப் போனாள். எட்டு வருஷம் பின்னினாள். விரல் சும்மா இருக்காது. டீ குடிக்கும்போதுகூட சேலைத் தலைப்பைப் பின்னிக்கொண்டிருப்பாள். பேச்சு குறைவு. ஆனால் ஒன்றைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள் என்றால், எதிரே யார் நின்றாலும் அவள் கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் அப்படித்தான் என்பதால் எங்கள் வீட்டில் சண்டைக்குப் பஞ்சம் இல்லை.

அவள் தங்கை சொர்ணலட்சுமி மலேசியாவில், கிள்ளான் என்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தாள். நம் ஆட்கள் சர்க்கரை வியாதிக்குக் குதிரைவாலி அரிசி தேடி அலைகிறார்கள், கிடைப்பதோ பழசும் வண்டு விழுந்ததும்தான் என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் மாரிசெல்வி, "நீ அங்கன இறக்கு, நான் இங்கன ஏத்துறேன்" என்றாள். இவ்வளவுதான் பேச்சு. இவள் ஏற்றுமதித் தாள்களுக்காக ஒரு வருஷம் அலைந்தாள். அவள் இறக்குமதிக்கு அங்கே அனுமதி எழுதி வாங்கினாள்; வேலையை விட்டாள்; பாதிக் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம், பொங்கலுக்கு முன்னால் சரக்கு இறங்கிவிடும் என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். பிந்தினால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். கையில் வேலையும் இல்லாமல் கடையில் சரக்கும் இல்லாமல் தங்கை தெருவில் நிற்பாள். இதை மறந்துவிடாதீர்கள், மாரிசெல்வி செய்தது எல்லாம் இதற்காகத்தான்.

குதிரைவாலி வாங்க மல்லாங்கிணறுக்குப் போனோம். நான் பிறந்த ஊர். கருப்பணன் முதலாளியின் காட்டில் குனிந்து குனிந்து களை எடுத்துத்தான் நான் வளர்ந்தேன்.

"என்ன சோலையம்மா, களைவேலை கேட்டு வந்தியா? இப்பல்லாம் மருந்து அடிச்சிர்றோமே" என்றார்.

"குதிரைவாலி வாங்க வந்தோம். அஞ்சு டன்னு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யாருக்கு வாங்குறீக?"

"எனக்குத்தான்" என்றாள் மாரிசெல்வி. "அரிசியாக்கிக் கப்பல்ல அனுப்பப் போறேன்."

"கப்பல்லயா. தலைமுறை தலைமுறையா யாவாரம் பண்ற ஆளுகளே விருதுநகர்ல யோசிச்சு யோசிச்சு அனுப்புறாக. நீ பாதி வழியில திருப்பிக் கொண்டாருவ தாயி. அப்ப எங்கிட்டயே போட்டுரு, பாத்து வெல போட்டு எடுத்துக்கிடுறேன்."

"திரும்பி வராது மொதலாளி. கல்லு கெடந்தா மட்டும் கொண்டாருவேன். நல்லாக் காஞ்சதாக் குடுங்க."

கொடுத்தார். காய்ந்ததாகத்தான் கொடுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். செல்வக்குமார் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பட்டாசுக்கு அச்சடித்து, கலர் சரியாக விழாமல் கழித்த பெட்டிகள் அங்கே மலைபோல் கிடக்கும். எங்கள் பக்கம் வெங்காயம் போடுவதும் கோழியை அடை வைப்பதும் கல்யாண வீட்டுக்கு முறுக்குக் கொண்டுபோவதும் அந்தப் பெட்டியில்தான். மாரிசெல்வி புதுப்பெட்டி வாங்கப் புறப்பட்டபோது நான்தான் தடுத்தேன்.

"உள்பக்கத்த வெளிய திருப்பி ஒட்டுனா அது வெறும் பெட்டிதான? அரிசிக்கு எதுக்குடி பட்டுச்சேலை?"

"கப்பல்காரங்க ஏதும் சொல்லுவாகளோ, அத்தே?"

"கப்பல்காரன் பெட்டிக்குள்ள தலைய விட்டா பாக்கப் போறான்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். நான் முறைத்தேன். சரி என்றாள். பட்டாசு மருந்து வாடையே படாத பெட்டிகள். பெட்டிக்குள் தடித்த பிளாஸ்டிக் பை, அதற்குள் இருபது கிலோ அரிசி; ஐந்து டன்னும் உமி போக மூன்று டன்தான் தேறியது. நூற்றைம்பது பெட்டி கட்டினோம்.

புதன்கிழமை மத்தியானம். தூத்துக்குடியில், பலபேர் சரக்கைச் சேர்த்து ஒரே கண்டெய்னரில் ஏற்றுகிற கிடங்கு. இறக்கும்போது ஒரு பெட்டி கீழே விழுந்து வாயைப் பிளந்தது. உள்ளே பார்த்தால் வானத்தில் ஏறுகிற ராக்கெட் படம், பக்கத்தில் தீப்பிடிக்கும் பொருள் என்கிற குறி. சோதனைக்கு வந்த ஆபீசர் இரண்டடி பின்னால் போனார். எங்கள் தாள்களைப் பார்த்துக்கொடுக்கும் ஏஜெண்ட் காமராஜ் தலையில் கை வைத்தார்.

"என்னக்கா இது? கப்பலுக்குள்ள தீவாளி கொண்டாடவா வந்திய?"

நாலைந்து பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அரிசிதான். பட்டாசு ஒரு துண்டு கிடையாது. ஆனாலும் இந்தப் பெட்டியில் போகாது. நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேறு கட்டுக் கட்டினால் பார்க்கலாம், இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஆபீசர் சொல்லிவிட்டார்.

"எடுத்துட்டுப் போயிருங்க. அடுத்த கப்பலு பத்து நாளு கழிச்சு" என்றார் காமராஜ். பத்து நாள் என்றால், சரக்கு அங்கே போய் இறங்குவதற்குள் பொங்கல் போய்விடும்.

செல்வக்குமாரும், "போதும் மாரி. ஊருக்குப் போயிருவோம், மானம் போகுது" என்றான்.

"மானம் அதுபாட்டுக்குப் போகட்டும். சரக்கு போகணும். நீங்க வெள்ளைச் சாக்கு வாங்கிட்டு வாங்க, புதுச் சாக்கு, நூத்தம்பது."

நான் என் தப்பு என்று வாயைத் திறந்தேன். "அதப் பெறகு வச்சுக்கிடுவோம் அத்தே, கோணி ஊசி எம்புட்டு வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

தீபாவளியோடு மூடின பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் திறக்காத நேரம். அவள் போன் போட்டதும் எட்டுப் பெண்கள் வியாழக்கிழமை விடியற்காலையில் லோடு வண்டியில் வந்து இறங்கினார்கள். வந்ததும் யாரும் சொல்லாமலே செல்போனை வாசலில் வைத்தார்கள், பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அந்தப் பழக்கம். நாலு நாலு பேராகப் பிரிந்து, ஓட வழி இருக்கிற மாதிரி கதவை ஒட்டித் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். பெட்டியை ஒருத்தியும் தரையில் இழுக்கவில்லை. பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி, சத்தமில்லாமல் வைத்தார்கள்.

"இழுத்துப் போட்டு வேலையப் பாருங்கக்கா, அரிசி என்ன வெடிக்கவா போகுது" என்றார் காமராஜ்.

"இழுத்துப் பழக்கமில்ல தம்பி" என்றாள் வந்தவர்களில் ஒருத்தியான ஆவுடைத்தாய். "இழுத்தவுக யாரும் எங்கூர்ல பாக்கியில்ல."

அதற்குப் பிறகு அவர் அவசரப்படுத்தவில்லை.

பெட்டியிலிருந்து பையை எடுத்துச் சாக்குக்குள் வைத்து வாயைத் தைத்தோம். மூட்டை மேல் அனுப்புகிறவர் பெயரும் ஊரும் எழுத வேண்டும். மாரிசெல்வி தடித்த பேனாவால் எம். புதுப்பட்டி என்று எழுதத் தொடங்கினாள். காமராஜ் ஓடி வந்தார்.

"அந்தப் பேரு வேண்டாம்கா. ஏற்கெனவே ஆபீசரு ராக்கெட்டப் பாத்திருக்காரு. மாவட்டம் மட்டும் போடுங்க, அஞ்சு மூட்டையப் பிரிச்சுப் பாத்துட்டு விட்ருவாரு. ஊர்ப் பேரப் போட்டா அத்தனையும் பிரிக்கணும்பாரு. அஞ்சு மணிக்குக் கேட்டச் சாத்திருவான்."

"தாள்ல அந்தப் பேருதான இருக்கு?"

"தாள யாரு உத்துப் பாக்கா?"

"நான் பாத்தேன். ஒரு வருசம் அந்தப் பேரோடதான் ஒவ்வொரு ஆபீசா ஏறி இறங்குனேன். எங்கூர்ல வெடியவா திங்கிறோம்? சோறுதான திங்கிறோம். எழுதுனா என்ன?"

எழுதினாள். நூற்றைம்பதிலும் எழுதினாள். நான் தடுக்கவில்லை, ஒருமுறை தடுத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

காமராஜ் சொன்னபடியே நடந்தது. ஆபீசர் இரண்டு மணிக்கு வந்தார், மூட்டையை வாசித்தார்.

"இது பட்டாசு ஊர்தானேம்மா?"

"ஆமா சார். குதிரைவாலியும் கட்டுவோம்."

"எல்லாத்தையும் பிரிங்க."

காலையிலிருந்து தைத்த தையல் அத்தனையும் அறுத்தோம். அவர் ஒவ்வொரு மூட்டையாகக் கம்பியை விட்டு, அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துப் பார்த்து வந்தார். அவர் பார்த்து முடித்த மூட்டையைப் பின்னாலேயே தைத்துக்கொண்டு வந்தோம். சரவெடி பின்னின விரல்கள்; ஊசி போவது தெரியாது, நூல் இறுகுவதுதான் தெரியும். என் கட்டைவிரலில் இரண்டு முறை குத்தியது. சேலையில் துடைத்துக்கொண்டேன், அரிசியில் படவில்லை.

ஐந்து மணிக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது ஆபீசர் கையெழுத்துப் போட்டார். மூன்று மூட்டைகள் வாய் திறந்து கிடந்தன.

"அது கெடக்கட்டும்கா, நூத்தி நாப்பத்தேழு போதும். தாள நான் மாத்திக்கிடுதேன்" என்றார் காமராஜ்.

மாரிசெல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மூட்டையை அவள் இழுத்துப் பிடித்தாள், நான் தைத்தேன். இன்னொன்றை ஆவுடைத்தாய். மூன்றாவதைச் செல்வக்குமார் எடுத்தான். அவன் ஊசி பிடித்து அன்றுதான் பார்க்கிறேன். கோணலாகத்தான் தைத்தான், ஆனால் வாய் மூடியது. கடைசி மூட்டை உள்ளே போனதும் கண்டெய்னர் கதவைச் சாத்தி முத்திரை வைத்தார்கள்.

அப்போதுதான் சொர்ணலட்சுமி கூப்பிட்டாள். காலையிலிருந்து எத்தனை முறை அடித்தாளோ, மாரிசெல்வியின் போனும் மற்றவர்கள் போனோடு வாசலில்தான் கிடந்தது.

"யக்கா, என்னக்கா ஆச்சு? ஏறிருச்சா? எம்புட்டு ஏறுச்சு?" அழுகிற குரல்.

மாரிசெல்வி சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நூத்தம்பதும் ஏறிருச்சு. அழுகிற நேரத்துல கடையக் கூட்டிப் பெருக்கி வையி."